தள்ளு, இழு

பூந்தா அரேனாஸில் ஒரு சிகரெட் பற்றவைக்க
இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் கையில் லைட்டர், மற்றவர் காற்றுக்கு முதுகு.
கோடையில் தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படிப்பட்ட ஊரில் பதினாலு வயதில் புகைக்கத் தொடங்கினேன் என்றால்
தனியாகத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

பல்தசார் உள்ளங்கைகளைக் குவிப்பான்.
நான் குனிவேன்.
அவன் விரல்களில் நண்டு வாடை.
சனிக்கிழமைகளில் ஆலையில் ஓடு உடைக்கிற வேலை அவனுக்கு.
ஒரு நொடி,
உலகத்திலேயே காற்று இல்லாத இடம்
என் மூக்குக்கும் அவன் கட்டைவிரலுக்கும் நடுவில்.

இப்போது பதினாறு.
பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மரிட்சா
உயிரியல் ஆய்வகத்தில் நான்கு கணினிகளை வைத்தாள்,
ஒவ்வொன்றின் முன்னும் ஒரு ஜாய்ஸ்டிக்.
விளையாட்டு மாதிரிதான் என்றாள்.
அப்படி யாராவது சொன்னால் அது விளையாட்டு இல்லை.

இடப்பக்கம் சாய்ந்த படம் வந்தால் தள்ளு.
வலப்பக்கம் சாய்ந்தால் இழு.
படத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்காதே.

சாம்பல் கிண்ணம். பென்சில். பாதி எரிந்த சிகரெட்.
பல்துலக்கி. யாருடையவோ உதடு, அதில் புகை.
தள்ளினால் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகும்.
இழுத்தால் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்,
கடன் கேட்க வந்த சொந்தக்காரர் போல.
செவ்வாயும் வியாழனும் இருநூறு படம், ஆறு வாரம்.

மூன்றாம் நாளே புரிந்துவிட்டது என்று நினைத்தேன்:
கைக்குத் தெரியாமல்
கைக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

ஒரு திங்கள் புகைக்கவில்லை. பல்வலி.
செவ்வாய் பல்வலி இல்லை.
புகைக்கவும் இல்லை.
புதன், மேலங்கியின் ஜிப்பைக் கடித்தே நசுக்கினேன்.
வியாழன், அம்மா தேநீரில் கரண்டி சுழற்றிய சத்தத்துக்காக
அவளிடம் கத்தினேன்.
இடைவேளைகளில் ஜிம் சுவருக்குப் பின்னால் போகாமல்
கழிப்பறையில் கை கழுவினேன்.
மறுபடி கழுவினேன்.
மூன்றாம் முறை கழுவும்போது மணி அடித்தது.

பேருந்தில் என் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தேன்.
கெட்டிக்காரக் கை.
எனக்குத் தெரியாததெல்லாம் அதற்குத் தெரிந்திருக்கிறது.

கடைசி வியாழன், மரிட்சா ஒரு தாளோடு வந்தாள்.
"நீ ஒப்பீட்டுக் குழு, தானிட்சா."
மற்றவர்களுக்குச் சிகரெட் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து வந்ததாம்.
எனக்குப் பாதி இடம், பாதி வலம்.
எத்தனை தள்ளினேனோ அத்தனையும் இழுத்திருக்கிறேன்.
கூட்டிக் கழித்தால் சுழி.
"விருப்பமென்றால் அடுத்த வாரம்
உனக்கும் உண்மையான பயிற்சி."

அப்போது எனக்குப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.
அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?
கை கற்கவில்லை என்றால்
யார் அந்தக் கழிப்பறையில் நின்றது?

மரிட்சா படிவத்தை நீட்டினாள்.
இன்று எத்தனை சிகரெட். எத்தனை முறை ஆசை வந்தது.
எழுத ஒன்று இருந்தது, கட்டம் இல்லை:
உங்கள் படங்களில் சிகரெட் இருந்தது, உதடு இருந்தது,
சுற்றிலும் குவிகிற கைகள்
ஒன்றில்கூட இல்லை.

வெளியே நீரிணைப் பக்கமிருந்து காற்று.
ஜிம் சுவருக்குப் பின்னால் பல்தசார்
ஐந்தாவது முறையாக லைட்டரைச் சொடுக்கிக்கொண்டிருந்தான்.
என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

போனேன்.
காற்றுக்கு முதுகைக் கொடுத்து
என் கைகளைக் குவித்தேன்.
தீ பிடித்தது, அவனுக்கு.
என் உள்ளங்கை சுட்டது.
புகை என் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் தீவுப் பக்கம் போனது.
நான் தள்ளவில்லை.
இழுக்கவும் இல்லை.

கணக்கு வகுப்புக்கு நான்கு நிமிடம் தாமதம்.
படிவத்தில் சுழி போட்டேன்.
கையில் நண்டு வாடை இல்லை என்பதை மட்டும்
ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.